அடுத்த கட்சிக்காரர் உழைக்கமாட்டார்: அமெரிக்க வாக்காளர்களின் ஒரு பிடிவாதமான நம்பிக்கை

2012 மே மாதம், ஃபுளோரிடா மாநிலத்தின் போகா ராடன் நகரில் தேர்தல் நிதி திரட்டும் விருந்து ஒன்றில் மிட் ராம்னி பேசினார். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் அவர்தான் என்பது ஏறக்குறைய முடிவாகியிருந்த நேரம். நாட்டில் 47 சதவீதம் பேர் எது நடந்தாலும் ஒபாமாவுக்கே வாக்களிப்பார்கள் என்றார். அவர்கள் அரசாங்கத்தை நம்பி வாழ்கிறவர்கள். உணவும் மருத்துவமும் வீடும் தங்களுக்குக் கிடைத்தே தீர வேண்டும் என்று நினைக்கிறவர்கள். வருமான வரி கட்டாதவர்கள். சொந்த வாழ்க்கைக்குத் தாங்களே பொறுப்பேற்க வேண்டும் என்பதை அவர்களுக்குத் தன்னால் ஒருபோதும் புரியவைக்க முடியாது. நன்கொடையாளர்கள் காதுக்கு மட்டும் என்று சொன்ன இந்தப் பேச்சு ரகசியமாகப் பதிவாகி, செப்டம்பரில் வெளியே வந்தது.

47 என்ற எண்ணை ராம்னி கற்பனை செய்யவில்லை. 2011இல் மத்திய வருமான வரி கட்டத் தேவையில்லாத குடும்பங்கள் 46 சதவீதத்துக்குச் சற்று அதிகம் என்று வாஷிங்டனில் உள்ள வரிக் கொள்கை மையம் மதிப்பிட்டிருந்தது. அதே மதிப்பீட்டை இன்னும் சில பத்திகள் படித்தால் அவர்கள் யார் என்பதும் தெரிந்துவிடும். நாட்டின் நூறு குடும்பங்களை எடுத்துக்கொண்டால், அந்த 46இல் 28 குடும்பங்களில் வேலைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். வருமான வரி வரம்புக்குள் வராவிட்டாலும், சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் அவர்களின் ஒவ்வொரு சம்பளத்திலும் பிடித்தம் நடந்துகொண்டிருந்தது. இன்னொரு 10, முதியோர் குடும்பங்கள். மீதியில் பெரும்பாலானவை ஆண்டுக்கு 20,000 டாலர்கூட வருமானம் இல்லாதவை. இத்தனை உழைப்பாளிக் குடும்பங்களை வருமான வரியிலிருந்து விலக்கி வைத்த வரிச் சலுகைகளில் ஒரு பகுதி 1986இல் குடியரசுக் கட்சி அதிபர் ரீகன் விரிவாக்கியது. 65 வயதைக் கடந்தவர்களோ அந்த நவம்பரில் 56 சதவீதம் ராம்னிக்கே வாக்களித்தார்கள். அவர் கைகழுவிய கூட்டத்தில் அவருடைய சொந்த வாக்காளர்களே லட்சக்கணக்கில் இருந்தார்கள்.

தேர்தல் முடிந்த அடுத்த மாதம் ப்யூ ஆய்வு மையம் இதே கேள்வியை நேராக மக்களிடம் கொண்டுபோனது. சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர், மெடிகெய்டு என்ற ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு, ஃபுட் ஸ்டாம்ப் என்ற உணவு உதவி, வேலையில்லாதோர் உதவி, ஏழைக் குடும்பங்களுக்கான பண உதவி ஆகிய ஆறில் ஏதேனும் ஒன்றையாவது வாழ்நாளில் பெற்றதுண்டா? ஒபாமாவுக்கு வாக்களித்தவர்களில் 59 சதவீதம் ஆம் என்றார்கள். ராம்னிக்கு வாக்களித்தவர்களில் 53 சதவீதம். ஃபுட் ஸ்டாம்ப் ஒன்றை மட்டும் தனியாகப் பார்த்தால் வேறுபாடு உண்டு: ஜனநாயகக் கட்சியினரில் 22 சதவீதம், குடியரசுக் கட்சியினரில் 10 சதவீதம். ஆக, கட்சிகளுக்கிடையே வேறுபாடே இல்லை என்று சொல்வது பொய்யாகும். ஆனால் அந்த வேறுபாட்டை வைத்துக் கட்டியெழுப்பப்பட்ட சித்திரம் பல மடங்கு பெரியது.

அந்தச் சித்திரம் இரண்டு பக்கமும் உண்டு, இரண்டு பக்கமும் தனக்குத்தானே முரண்படுகிறது. குடியரசுக் கட்சி ஆதரவாளர் பலரின் மனதில் ஜனநாயகக் கட்சிக்காரர் வேலைக்குப் போகாமல் அரசு உதவியில் காலம் தள்ளுகிறவர். அவரே பெரிய பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி எல்லாருக்கும் புத்தி சொல்கிற மேட்டிமைக்காரரும்கூட. ஜனநாயகக் கட்சி ஆதரவாளர் பலரின் மனதில் குடியரசுக் கட்சிக்காரர் வரி கட்ட மனமில்லாத கோடீஸ்வரர். அவரே பள்ளிப் படிப்பைத் தாண்டாத, எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற கிராமத்து மனிதரும்கூட. ஒரே ஆள் இந்த இரண்டாகவும் இருக்க முடியாது என்பது யாரையும் உறுத்துவதில்லை. தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் உருவத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

டக்ளஸ் ஆலர், கௌரவ் சூட் என்ற இரு அரசியல் ஆய்வாளர்கள் இதை அளந்து 2018இல் வெளியிட்டார்கள். குடியரசுக் கட்சியினரில் எத்தனை பேர் ஆண்டுக்கு 2,50,000 டாலருக்கு மேல் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டபோது மக்கள் சொன்ன சராசரி விடை 38 சதவீதம். உண்மையில் 2 சதவீதம். ஜனநாயகக் கட்சியினரில் தொழிற்சங்க உறுப்பினர் எத்தனை பேர்? மக்கள் கணிப்பு 39, உண்மை 11. கறுப்பினத்தவர் எத்தனை பேர்? கணிப்பு 42, உண்மை 24. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் கவலை தந்தது வேறொரு முடிவு. அரசியலில் அதிக ஈடுபாடு உள்ளவர்களின் கணிப்புதான் கூடுதலாகப் பிசகியிருந்தது. செய்தியே பார்க்காதவர் உண்மைக்குச் சற்று அருகில் நின்றார். அரசியல் செய்தி என்ற பெயரில் தினமும் நமக்கு வந்து சேர்வது எது என்று யோசிக்க வைக்கிற முடிவு இது.

வேலைக்குப் போகாமல் சுகமாக வாழும் உதவிபெறுநர் என்ற உருவத்துக்கு ஒரு பிறந்த தேதியே சொல்லலாம். 1976இல் அதிபர் வேட்பாளராக முயன்ற ரீகன், சிகாகோவில் ஒரு பெண் 80 பெயர்களிலும் 30 முகவரிகளிலும் உதவி வாங்கி ஆண்டுக்கு 1,50,000 டாலர் வரியில்லாமல் சம்பாதிக்கிறார் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார். அப்படி ஒரு பெண் இருந்தது உண்மை. அவர் தேர்ந்த மோசடிக்காரர் என்பதும் உண்மை. 1977இல் நீதிமன்றத்தில் நிரூபணமான தொகை ஏறத்தாழ 8,000 டாலர். ஆனால் ஒரு குற்றவாளியின் கதை, பல லட்சம் தாய்மார்களின் அடையாளமாகிவிட்டது. அந்தத் தாய்மார்கள் கறுப்பினத்தவர் என்பதும் சொல்லாமலே ஏறிக்கொண்டது. 1988 முதல் 1992 வரை மூன்று பெரிய வார இதழ்கள் ஏழ்மை பற்றிய கட்டுரைகளுடன் வெளியிட்ட படங்களை அரசியல் அறிஞர் மார்ட்டின் கிலென்ஸ் எண்ணிப் பார்த்தார். படத்தில் இருந்த ஏழைகளில் 62 சதவீதம் கறுப்பினத்தவர். நாட்டின் ஏழைகளில் அவர்கள் 29 சதவீதம்தான். அந்த இதழ்களை நடத்தியவர்கள் பழமைவாதிகள் அல்லர். கெட்ட எண்ணமே இல்லாமல்கூட ஒரு பொய்யை வாரந்தோறும் அச்சடிக்க முடியும்.

1996இல் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த பில் கிளின்டனே அந்தப் பண உதவித் திட்டத்தின் பழைய வடிவத்துக்கு முடிவுகட்டும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த ஆண்டில், குழந்தைகள் உள்ள நூறு ஏழைக் குடும்பங்களில் 68க்குப் பண உதவி கிடைத்தது. 2020இல் 21க்கு மட்டும்தான். பண உதவி என்பதே அநேகமாக அற்றுப்போன ஒரு நாட்டில், அதை வாங்கிக்கொண்டு படுத்திருப்பவர் பற்றிய கோபம் மட்டும் குறையவில்லை.

ஏன் குறையவில்லை? இனவெறி ஒரு பெரிய காரணம். அதை மறுக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதற்கு அடுத்தபடியாக நான் முக்கியமாக நினைப்பது, அமெரிக்க அரசு தன் உதவியை வழங்குகிற முறை. சிலருக்கான உதவி ஊர் பார்க்கக் கொடுக்கப்படுகிறது. மற்றவர்களுக்கானது வரிக் கணக்கின் ஒரு வரியில் ஒளிந்திருக்கிறது.

ஃபுட் ஸ்டாம்ப் இன்று காகிதச் சீட்டாக இல்லை, வங்கி அட்டை போன்ற ஓர் அட்டையாகிவிட்டது. 2024இல் மாதம் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர், அதாவது எட்டு அமெரிக்கர்களில் ஒருவர், அதைப் பயன்படுத்தினார்கள். அட்டையான பிறகும் கடையில் அது மறைந்து போய்விடுவதில்லை. அதை வைத்துச் சோப்பு வாங்க முடியாது, குழந்தைக்கான டயப்பர் வாங்க முடியாது, சூடான சாப்பாடு வாங்க முடியாது. ஒரே கடையில், சூடாக எடுத்துத் தரும் வறுத்த கோழிக்கு அட்டை செல்லாது. குளிர்பெட்டியில் இருக்கும் பச்சைக் கோழிக்குச் செல்லும். ஆகவே கவுன்டரில் பொருள்கள் இரண்டு குவியலாகப் பிரிகின்றன. ஒன்றுக்கு அட்டை, மற்றதற்குப் பணம். வரிசையில் பின்னால் நிற்பவருக்கு இதைப் பார்க்க நேரம் இருக்கிறது. எதை வாங்குகிறார், எதை வாங்கியிருக்கக்கூடாது என்று மனதுக்குள் கணக்குப் போடவும் நேரம் இருக்கிறது.

அப்படிக் கணக்குப் போடுகிறவர் வீட்டுக்கடனுக்குக் கட்டும் வட்டியை வரிக் கணக்கில் கழித்துக்கொள்கிறவராக இருக்கலாம். மகளின் கல்லூரிப் படிப்புக்காக வரிச் சலுகையுள்ள சேமிப்புக் கணக்கு வைத்திருக்கலாம். அவையும் அரசுப் பணம்தான், அவற்றின் பெரும்பங்கு வசதியானவர்களுக்கே போகிறது. ஆனால் அவருடைய வரிசையில் பின்னால் யாரும் நிற்பதில்லை. கார்னல் பல்கலைக்கழகத்தின் சூசன் மெட்லர் 2008 ஆம் ஆண்டுக் கருத்துக்கணிப்பு ஒன்றை வைத்து இதைக் காட்டினார். வீட்டுக்கடன் வட்டிச் சலுகை பெற்றவர்களில் 60 சதவீதம் பேர், தாங்கள் அரசின் சமூகநலத் திட்டம் எதையும் பயன்படுத்தியதே இல்லை என்றார்கள். கல்விச் சேமிப்புச் சலுகை பெற்றவர்களில் 64 சதவீதம். சோஷியல் செக்யூரிட்டி பெறுபவர்களில்கூட 44 சதவீதம். ஃபுட் ஸ்டாம்ப் பெற்றவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 25 சதவீதம். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. தாங்கள் கட்டிய பணம் திரும்பி வருகிறது, அல்லது தங்கள் பணம் தங்களிடமே தங்குகிறது என்று உண்மையாகவே நம்புகிறார்கள். தனக்குக் கிடைப்பது சம்பாத்தியம், அடுத்தவருக்குக் கிடைப்பது தானம் என்ற எண்ணத்தை இந்த ஏற்பாடே வளர்க்கிறது.

இனி மறுபக்கம். கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில் ஔஸ்லி கவுன்டி என்று மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பகுதி உண்டு. மக்கள்தொகையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் வெள்ளையர். நிலக்கரியும் புகையிலையும் போன பிறகு வேலை இல்லை. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்குள்ளவர்களின் மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் அரசுத் திட்டங்களிலிருந்து வந்தது. அந்தக் கவுன்டி 2012இல் ராம்னிக்கும், பிறகு டிரம்ப்புக்கும் 80 சதவீதத்துக்கு மேல் வாக்களித்தது. நகரத்து ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் இப்படிப்பட்ட ஊர்களைச் சுட்டிக்காட்டி, தங்கள் வயிற்றில் தாங்களே அடித்துக்கொள்கிற அறிவிலிகள் என்று சொல்வது வழக்கம்.

அந்த விளக்கம் எளிமையானது, மரியாதையற்றது, பெரும்பாலும் தவறானது. 2015 நவம்பரில் கென்டக்கியில் மேட் பெவின் ஆளுநராக வென்றபோது பத்திரிகையாளர் அலெக் மக்கில்லிஸ் அந்தப் பகுதிகளில் விசாரித்து எழுதியதை எடுத்துக்கொள்வோம். மெடிகெய்டை இன்னும் அதிகம் பேருக்குத் திறந்துவிட்ட விரிவாக்கத்தைத் திரும்பப் பெறுவேன் என்று சொல்லி வென்றவர் பெவின். அதே மெடிகெய்டால் நாலு லட்சம் பேருக்கு மேல் காப்பீடு பெற்ற மாநிலம் அது. மக்கில்லிஸ் கண்டது இது: உதவி பெறுகிற மிக ஏழைகள் பெரும்பாலும் வாக்களிக்கவே போவதில்லை. அந்தத் தேர்தலில் மொத்த வாக்குப்பதிவே 30 சதவீதத்தை ஒட்டித்தான். வாக்களித்து வெற்றியைத் தீர்மானிக்கிறவர்கள் ஏழைகளுக்கு ஒரு படி மேலே இருப்பவர்கள்: பள்ளி ஆசிரியை, காவலர், நெடுஞ்சாலைத் துறை ஊழியர், மருத்துவமனைச் செவிலியர். அவர்கள் பார்ப்பது தொலைக்காட்சியில் வரும் சிகாகோவை அல்ல. வேலைக்குப் போகாத பக்கத்து வீட்டுக்காரரை, போதை மாத்திரையில் விழுந்த சொந்த உறவினரைப் பார்க்கிறார்கள். கோபம் மிக அருகிலிருந்து வருகிறது. தன் நலனுக்கு எதிராக ஒருவர் வாக்களிப்பதும், தன் நலன் என்று வேறொன்றை அவர் கருதுவதும் ஒன்றாகாது.

விஸ்கான்சின் மாநிலத்தில் கேத்தரின் கிரேமர் செய்ததும் இதைத்தான் உறுதிப்படுத்துகிறது. பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர் 2007 முதல் சில ஆண்டுகள் பெட்ரோல் நிலையங்களிலும் சிற்றுண்டிக் கடைகளிலும் காலையில் கூடிப் பேசும் ஊர்க்காரர்களோடு போய் உட்கார்ந்து கேட்டார். தங்கள் வரிப்பணம் முழுவதும் தலைநகர் மாடிசனுக்கும் பெருநகர் மில்வாக்கிக்கும் போய்விடுகிறது என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. கிராமப்புறக் கவுன்டிகளுக்கு ஆள்வீதம் குறைவாக ஒன்றும் போகவில்லை. ஆனால் அவர்களின் பேச்சில் உழைப்பு என்பதற்கு உடம்பு வணங்குவது என்றே பொருள். மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அரசு ஊழியர் அந்தக் கணக்கில் உழைப்பாளி ஆகமாட்டார், அவர் வீட்டுக்கு எத்தனை மணிக்குத் திரும்பினாலும். 2011இல் ஆளுநர் ஸ்காட் வாக்கர் அரசு ஊழியர் சங்கங்களின் பேரம்பேசும் உரிமையைப் பறித்தபோது இந்த மனநிலைதான் அவருக்குக் கைகொடுத்தது.

கல்வி இதில் பின்னால் வந்து சேர்ந்த பிரிவு. இன்று அதுவே மிகக் கூர்மையானது. 2024 தேர்தலில் கல்லூரிப் பட்டம் இல்லாதவர்களில் ஏறத்தாழ 56 சதவீதம் டிரம்ப்புக்கு வாக்களித்தார்கள். பட்டம் பெற்றவர்களில் ஏறத்தாழ அதே அளவு கமலா ஹாரிஸுக்கு. 25 வயதைக் கடந்த அமெரிக்கர்களில் நான்காண்டுப் பட்டம் உள்ளவர்கள் நூற்றுக்கு நாற்பதுகூட இல்லை என்பதை மறந்துவிட்டு இந்த எண்களைப் படிக்கக்கூடாது. படிக்காதவர்கள் என்று ஏளனமாகச் சொல்லும்போது பெரும்பான்மை அமெரிக்காவைச் சொல்கிறோம்; கமலா ஹாரிஸுக்கு வாக்களித்த கோடிக்கணக்கான வீட்டு உதவியாளர்கள், ஓட்டுநர்கள், கிடங்குத் தொழிலாளர்களையும் சேர்த்துச் சொல்கிறோம். எதிர்த்திசையில் கல்லூரி மீதான வெறுப்பும் வேகமாக வளர்ந்தது. கல்லூரிகள் நாட்டுக்குக் கெடுதல் செய்கின்றன என்று சொன்ன குடியரசுக் கட்சியினர் 2015இல் 37 சதவீதம்; இரண்டே ஆண்டுகளில் 58 சதவீதம். அப்படிப் பேசும் குடியரசுக் கட்சித் தலைவர்கள் படித்ததோ பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில்: டெட் குரூஸ் பிரின்ஸ்டன், ஹார்வர்ட்; ஜே.டி.வான்ஸ் யேல்; ஜாஷ் ஹாலி ஸ்டான்ஃபோர்ட், யேல்.

2008இல் ஒபாமா, வேலை பறிபோன சிற்றூர்க்காரர்கள் கசப்பில் துப்பாக்கியையும் மதத்தையும் பற்றிக்கொள்கிறார்கள் என்றார். 2016இல் ஹிலாரி கிளின்டன், டிரம்ப் ஆதரவாளர்களில் பாதிப் பேரை இழிந்தவர்கள் பட்டியலில் சேர்த்தார். ஒன்று சான் பிரான்சிஸ்கோவில், மற்றொன்று நியூயார்க்கில். ராம்னியின் போகா ராடன் பேச்சைப் போலவே இரண்டும் நிதி திரட்டும் கூட்டங்களில் பேசியவை. பணம் கொடுப்பவர்கள் எதைக் கேட்க விரும்புகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2022 ஆகஸ்டில் பைடன் மாணவர் கடனில் 10,000 டாலர் வரை, ஏழை மாணவர்களுக்கான உதவித்தொகை பெற்றவர்களுக்கு 20,000 வரை, தள்ளுபடி செய்வதாக அறிவித்தார். உபயோகமில்லாத படிப்பில் ஏழு ஆண்டுகளை வீணடித்த சோம்பேறிக் காபிக்கடை ஊழியருக்கு இது அதிர்ஷ்டம் என்றார் டெட் குரூஸ். அந்த ஒரே வாக்கியத்தில் வேலை, கல்வி, அரசு உதவி ஆகிய மூன்று சித்திரங்களும் கூடிவிட்டன. நாள் முழுக்க நின்றுகொண்டு காபி போட்டுத் தருவதை எப்படிச் சோம்பல் என்று சொல்ல முடியும்? கொரோனா காலத்தில் சிறு நிறுவனங்களுக்குக் கொடுத்த ஏறத்தாழ 80,000 கோடி டாலர் கடனில் பெரும்பகுதி தள்ளுபடியானபோது யாரும் இப்படிப் பேசவில்லை. மாணவர் கடன் தள்ளுபடியை எதிர்த்த அன்றைய குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் மார்ஜரி டெய்லர் கிரீனின் நிறுவனத்துக்கு 1,83,504 டாலர் தள்ளுபடியானதை வெள்ளை மாளிகை நினைவூட்ட வேண்டியிருந்தது. மாணவர் கடன் தள்ளுபடி 2023 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது.

உழைப்பு பற்றிய இந்தப் பேச்சு எந்தக் கட்சிக்கும் நிரந்தரச் சொத்தில்லை என்பதை 2024 டிசம்பரில் தமிழ் பேசும் பாலக்காட்டுக் குடும்பத்தின் மகனான குடியரசுக் கட்சி அரசியல்வாதி விவேக் ராமசாமி தெரிந்துகொண்டார். வகுப்பில் முதலிடம் பெறும் மாணவனைவிட விளையாட்டு வீரனைக் கொண்டாடும் பண்பாடு சிறந்த பொறியாளர்களை உருவாக்காது. அமெரிக்கப் பண்பாடு சராசரித்தனத்தைப் போற்றுகிறது என்று எழுதினார். நலத்திட்டங்களில் வாழ்பவர்களைப் பார்த்துச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும் கருத்துதான். தன் கட்சியின் உழைக்கும் வெள்ளையர்களைப் பார்த்துச் சொன்னதும் அவர்களே கொதித்தெழுந்தார்கள்.

கட்சிப் பெயரை ஒதுக்கிவைத்துக் கேட்டால் மக்கள் வேறு பதில் தருகிறார்கள். 2018இல் ஐடஹோ, 2020இல் மிஸூரியும் ஓக்லஹோமாவும், 2022இல் தெற்கு டகோட்டா ஆகிய குடியரசுக் கட்சி மாநிலங்களில் மெடிகெய்டு விரிவாக்கத்தை மக்களே நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். தங்கள் மாநிலத்தில் டிரம்ப்பை வெற்றிபெறச் செய்த அதே 2020 நாளில் ஃபுளோரிடா மக்கள் 60 சதவீதத்துக்கு மேல் ஆதரவு தந்து குறைந்தபட்சக் கூலியை 15 டாலராக்க வாக்களித்தார்கள். இந்த வாக்குகள்தான் எனக்கு நம்பிக்கை தருகின்றன. ஆனால் சட்டம் எழுதும் அறையில் வாக்கெடுப்பு முடிவைவிடச் சித்திரத்துக்கே வலு அதிகம்.

2025இல் மெடிகெய்டில் வேலை நிபந்தனை கொண்டுவரும்போது, 29 வயது இளைஞர்கள் சோபாவில் உட்கார்ந்து வீடியோ விளையாட்டு ஆடுகிறார்கள் என்றார் நாடாளுமன்றக் கீழவைத் தலைவர் மைக் ஜான்சன். ஊனமுற்றோர் உதவி பெறாத, 19 முதல் 64 வயது வரையிலான மெடிகெய்டு பயனாளிகளில் 64 சதவீதம் பேர் ஏற்கெனவே வேலை செய்கிறார்கள் என்பது கைசர் குடும்ப அறக்கட்டளையின் 2023 ஆம் ஆண்டுக் கணக்கு. குழந்தையையோ நோயாளியையோ கவனிப்பவர்கள், நோயுற்றவர்கள், படிப்பவர்கள் என்று சேர்த்தால் 92 சதவீதம். அந்தச் சோபா இளைஞரை மீதி 8 சதவீதத்துக்குள்தான் தேட வேண்டும்.

இப்படித் தேடினால் என்ன ஆகும் என்பது ஆர்கன்சாவில் ஏற்கெனவே தெரிந்துவிட்டது. 2018 ஜூனில் அந்த மாநிலம் மாதம் 80 மணி நேர வேலையைக் காட்ட வேண்டும் என்று விதித்தது. முதலில் இணையதளம் வழியாக மட்டுமே காட்ட முடியும். நாட்டிலேயே இணைய வசதி மிகக் குறைந்த மாநிலங்களில் ஒன்று அது. அந்த இணையதளமோ இரவு 9 மணிக்கு மூடிவிடும். காலை 7 மணிக்குத்தான் திறக்கும். இரவு ஷிஃப்ட் முடிந்து பத்து மணிக்கு வீடு திரும்பும் ஒரு கோழிப்பண்ணைத் தொழிலாளிக்கு, அந்த நேரத்தில் தன் வேலையைப் பதிவுசெய்ய வழியில்லை. மூன்று மாதம் தவறினால் அந்த ஆண்டு முடியும்வரை காப்பீடு கிடையாது. ஆண்டு முடிவதற்குள் 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள். வேலைக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை கூடவில்லை. நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே அதை நிறைவு செய்தவர்கள் அல்லது விலக்குக்கு உரியவர்கள் என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கண்டார்கள். காப்பீட்டை இழந்தவர்களில் பாதிக்கு மேல் பணமில்லாமல் சிகிச்சையைத் தள்ளிப்போட்டார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் திட்டத்தை நிறுத்தியது.

அதே 80 மணி நேரத்தை 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் மெடிகெய்டை விரிவாக்கிய மாநிலங்கள் அனைத்துக்கும் விதித்திருக்கிறது. அவை 2027 ஜனவரி 1க்குள் அதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். பயனாளிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது தங்கள் தகுதியை மறுபடி நிரூபிக்க வேண்டும். இந்த வேலை நிபந்தனையால் மட்டும் ஏறத்தாழ 50 லட்சம் பேர் காப்பீடு இல்லாதவர்களாவார்கள் என்பது நாடாளுமன்றத்தின் சொந்த நிதி அலுவலகம் தரும் மதிப்பீடு. அந்த மாநிலங்களில் ஆர்கன்சா இருக்கிறது, கென்டக்கி இருக்கிறது. வாக்குச் சீட்டில் தாங்களே அதைக் கேட்டு வாங்கிய ஐடஹோ, மிஸூரி, ஓக்லஹோமா, தெற்கு டகோட்டா மக்களும் இருக்கிறார்கள்.